ஒன்பதாம் கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு

விதி இருபத்து மூன்று, உட்பிரிவு (இ): "பயிற்சி அளிக்கப்பட்ட நாளுக்கு மறுநாள் நோயாளியின் நிலை விசாரித்து அறியப்பட்டு, சிகிச்சைத் தாளின் ஒன்பதாம் கட்டத்தில் பதியப்பட வேண்டும்."

திருவனந்தபுரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபிப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் பிரிவின் தலைவன். மேலே உள்ளது எங்கள் நடைமுறைக் கையேட்டில் இருக்கும் விதி. தட்டச்சுப் பொறியில் அடித்த கையேடு. யார் எழுதியது என்று தெரியாது. எங்களில் ஒருவராக இருக்க முடியாது. எப்போதோ நோயாளியாக இருந்த யாரோ எழுதியிருக்க வேண்டும்.

எனக்குப் பிறகு தலைவராக வந்த பிந்து, பிரிவின் ஆண்டு மலருக்காக இரண்டு பக்க அனுபவக் கட்டுரை கேட்டார். "பழைய காலத்து விசேஷங்கள் ஏதாவது எழுதுங்க சார், சுவாரசியமா." எழுதிக் கொடுத்தேன். என் புகைப்படத்தோடு அழகாக வந்தது. அதில் எழுதாமல் விட்டது இது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், தேர்வு எழுதினேன், இருபத்தைந்து வயதில் வேலையில் சேர்ந்தேன். உண்மையான பயிற்சி முதல் திங்கட்கிழமை காலை தொடங்கியது. பிரிவின் தலைவர் பரமேஸ்வரன் பிள்ளை சார் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். மேசையில் மூன்று பொருள்கள் இருந்தன: நூறு சிகிச்சைத் தாள்கள் கொண்ட ஒரு கட்டு, ஓரடி எஃகு ஸ்கேல், பிளேடால் சீவிய சிவப்புப் பென்சில்.

"சாமி, வரை" என்றார். இந்த ஊரில் எங்கள் அக்ரஹாரத்து ஆண்களுக்கு வயது வித்தியாசமின்றி அதுதான் பெயர்.

தாளில் ஒன்பது கட்டங்கள். தேதி, பயிற்சி, நேரம், முன்பு நாடித்துடிப்பு, பின்பு நாடித்துடிப்பு, இப்படிப் போய் எட்டாவது கட்டம், பயிற்சி முடிந்து பத்து நிமிடம் கழித்து நோயாளியின் நிலை. ஒன்பதாவது, மறுநாள் நிலை. அந்த ஒன்பதாவதில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடு இழுக்க வேண்டும். கோடு எட்டாவது கட்டத்தைத் தொட்டால் பிள்ளை சார் தாளைக் கிழித்துவிடுவார். நூறு தாள் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏன் என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள்.

பிள்ளை சார் என்னோடு தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மொழி பேசுவார். "சாமி, நம்மட ஆளுகள் வாரத்துக்கு ரெண்டு நாள் வரும். மறுநாள் அவர் வீட்டில். நீ வீட்டில் போய்க் கேக்குமோ? இல்லல்லோ. அப்போ கட்டம் காலி. காலிக் கட்டம் கண்டால் ஆய்வுக்கு வர்றவன் மெமோ தரும். கோடு போட்ட கட்டம் கண்டால் தராது. மனசிலாயோ?"

மனசிலாயிற்று. அவர் மோசமான மனிதர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வராந்தாவில் வருகிறவரைப் பார்க்காமலேயே, காலடிச் சத்தத்தை வைத்து எந்த முழங்கால் என்று சொல்லிவிடுவார். பக்கவாதம் வந்த ஒரு தச்சரின் விரல்களை நாலு மாதம் தினமும் தன் கையால் பிரித்துப் பிரித்துப் பழக்கி, அவர் மறுபடி உளி பிடித்த அன்று யாருக்கும் தெரியாமல் சேமிப்பறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அளந்ததை மட்டும் எழுதுவார், எழுதியதை மாற்றமாட்டார். இரண்டையும் நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.

நான் தலைவனானபோது தாள்களைக் கணினியில் அச்சடிக்கும் காலம் வந்திருந்தது. அப்போது ஒரு சீர்திருத்தம் செய்தேன். திங்கட்கிழமை தோறும் ஒருவருடைய முக்கால் மணி நேரம் வீணாகிறதே என்று, சிவப்புக் கோட்டையும் சேர்த்தே அச்சடிக்க வைத்தேன். அதற்காக மருத்துவமனைச் சூப்பிரண்டு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பெருந்தொற்று ஓய்ந்த சமயத்தில், காய்ச்சல் போயும் களைப்பு போகாதவர்களுக்கென்று எங்கள் பிரிவில் தனி நேரம் ஒதுக்கினார்கள். முறை எளிது. முதல் நாள் ஆறு நிமிட நடை. முப்பது மீட்டர் வராந்தா, மூன்று மீட்டருக்கு ஒரு பெயின்ட் புள்ளி, இரு முனையிலும் திரும்புவதற்கு ஒவ்வொரு நாற்காலி. எத்தனை மீட்டர் நடந்தார் என்று பார்த்து, அதிலிருந்து வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு ஏறி இறங்கப் படிப்பலகை. பிறகு சைக்கிள், அதன் இடது பெடல் வாரை பாண்டேஜ் துணியால் கட்டியிருந்தோம். தொடர்ந்து மூன்று முறை வராதவர் பெயரை நீக்கிவிட்டுக் காரணம் எழுத வேண்டும். பலர் நடந்து நடந்தே தேறினார்கள். அதையும் மறுப்பதற்கில்லை.

அப்படி வந்தவர் செல்வராணி. முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். தகப்பனார் இல்லை. அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி, நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்திருந்தார். கீழே பதிவறையிலிருந்து மூன்றாம் மாடிக்குக் கோப்பு சுமக்கும் வேலை. அந்த லயத்தில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். புரொபேஷன் முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. மாதங்கள் கழிந்தும் மாடி ஏற முடியவில்லை. விடுப்பில் அம்மாவிடம் போய்விட்டார். அலுவலகம் எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தது: இவருக்கு உண்மையிலேயே உடம்பு முடியவில்லையா, அல்லது வேலைக்கு வர மனமில்லையா?

திங்களும் வியாழனும் வர வேண்டும். விடியலில் மலையிலிருந்து பஸ் பிடித்து, விதுரையில் மாறி, மூன்று மணி நேரம். முதல் நாள் ஆறு நிமிடத்தில் அவர் நடந்த தூரம் அந்த வாரத்திலேயே அதிகம். மூச்சு சீராக இருந்தது. பத்து நிமிடத்தில் நாடி பழைய நிலைக்கு வந்துவிட்டது.

"பேஷ்" என்றேன். "எஸ்டேட்டுல வளர்ந்தவங்க. மலை ஏறின காலுக்கு இந்த வராந்தா எம்மாத்திரம்?"

"இன்னிக்கு நல்லாத்தான் நடப்பேன் சார். நாளக்கழிச்சு வந்து பாருங்க, நான் ஆளே இருக்க மாட்டேன்."

"நாளைக்கழிச்சு நான் உங்க ஊருக்கு வரணும்னா எனக்குத்தான் பிசியோதெரபி வேணும்."

அவர் சிரித்தார். உடனிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எட்டாவது கட்டத்தில் "இயல்பு" என்று எழுதினேன்.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதுதான் நடந்தது. வந்த நாளில் நன்றாகச் செய்தார், கூட்டிக் கொடுத்ததையும் செய்தார். எட்டாவது கட்டத்தில் இயல்பு, இயல்பு, இயல்பு. இடையில் ஒரு நாள் வராமல் போவார். அடுத்த முறை வரும்போது கேட்பேன்.

"வியாழக்கிழமை எங்கே போனீங்க?"

"எங்க சார் போறது, பாயில கெடந்தேன். அம்மா வாயில கஞ்சி ஊத்துனாங்க. வெளிச்சம் பட்டாக்கூடத் தல வெடிக்குது."

"பழக்கம் இல்லாததால வர்ற அசதி அது. விட்டுவிட்டுச் செய்தா அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூட்டணும்."

கூட்டினேன். எட்டு முறை வந்தார். பிறகு தொடர்ந்து மூன்று முறை வரவில்லை. பெயரை நீக்கினேன். அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று: "உடல் திறன் இயல்பு. பயிற்சிக்கு ஒத்துழைப்புப் போதாது." ஆறு சொற்கள். நல்ல அறிக்கை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது பிள்ளை சாரின் கொள்கை.

அவ்வாண்டு நாங்கள் மேலே அனுப்பிய கணக்கில் அந்தத் தனி நேரம் பெரிய வெற்றி. கடைசிவரை வந்த எல்லோருமே தேறியிருந்தார்கள். தேறாதவர்கள் வரவில்லை, வராதவர்கள் கணக்கில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. படித்தவனாக இருந்ததால் எனக்குப் புரியவில்லை.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையில் செல்வராணி மறுபடி வந்தார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து, நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலை போயிருந்தது. எங்கள் அறிக்கையின் பேரில், காரணமின்றி வராதவர் என்று புரொபேஷனிலேயே நீக்கிவிட்டார்கள்.

"அந்தக் கடைசி வரியை மாத்தித் தர முடியுமா சார்?"

"பதிவு பண்ணினதை மாத்த விதியில்ல. நீங்க அரசுக்கு மனு போடலாம்" என்றேன். எந்த அதிகாரிக்கு, எத்தனை நகல், என்னென்ன இணைப்பு என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். சிகிச்சைத் தாளின் நகலில் "உண்மை நகல்" என்று முத்திரை வைத்துக் கையெழுத்திட்டேன். அன்று அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நகலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், ஒரு நாளாவது மறுநாள் எப்படி இருந்தேன்னு கேட்டீங்களா?"

நான் ஒன்பதாம் கட்டத்தைச் சுட்டிக் காட்டினேன். "பாருங்க, அதை நாங்க எடுக்கறதில்ல. எல்லாருக்குமே கோடுதான்."

அம்மாதான் பதில் சொன்னார், மகளிடம். "எந்திரி புள்ள. பஸ்ஸு போயிரும்."

ஐம்பத்தாறு வயதில் அரசு என்னைக் கிழவன் என்று அறிவித்து வீட்டுக்கு அனுப்பியது. வீடு ஸ்ரீவராகத்தில், பெற்றோர் விட்டுப்போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பரோடாவில். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கையையும் காலையும் தொட்டு வேலை பார்த்தவனுக்கு, ஒருவரையும் தொடாமல் வாரங்கள் கழியும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. பழவங்காடியில் காய்கறிக்காரர் சில்லறை தரும்போது விரல் படும். அதுதான்.

இரண்டாம் ஆண்டு மழையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, ஏதோ வைரஸ் என்றார்கள். ஆறு நாளில் போயிற்று. களைப்பு மட்டும் போகவில்லை. எனக்கு நானே சிகிச்சைத் தாள் எழுதினேன். தினமும் வீட்டிலிருந்து கோவில் மேற்கு நடை வாசல்வரை போய்த் திரும்புவது, வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது. முதல் நாள் அருமையாக நடந்தேன். பத்து நிமிடம் கழித்து நாடி இயல்பு.

மறுநாள் பரவாயில்லை. அதற்கடுத்த நாள் காலை காபி டபராவைத் தூக்க முடியவில்லை. எலும்புக்குள் ஈர மணலை நிரப்பியது போல இருந்தது. கட்டிலுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு கிடந்தேன். யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? அளந்து காட்ட எதுவும் இல்லை. வைத்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராஜம் மாமி ஜன்னலருகே வந்து கூப்பிட்டார்.

"சாமா, கேட்ல ரெண்டு பால் பாக்கெட் தொங்கறது. ஊருக்குப் போயிட்டேளோன்னு நெனச்சேன்."

"இல்லை மாமி. படுத்துண்டிருந்தேன்."

"என்னத்துக்கு? அன்னிக்கு ஜம்முனு நடந்து போனேளே, நான் பார்த்தேனே!"

"அதனாலதான் மாமி."

"நன்னாருக்கு. நடந்தா யாருக்காவது உடம்புக்கு வருமோ? சோம்பலா இருக்கும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுக்களை வாசலில் ஒரு கிண்ணம் ரசமும் வைத்திருந்தார். ரசத்தைக் குடித்தபோதுதான் உறைத்தது, மாமி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. எனக்கு அதைச் சொல்லச் சம்பளம் கொடுத்தார்கள்.

எழுந்து உட்கார முடிந்த அன்று ஒரு நோட்டில் ஒன்பது கட்டம் வரைந்தேன், கோடில்லாமல். நடந்த தூரத்தை எழுதினேன். மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் ஒன்பதாவதில் எழுதினேன். ஐந்து வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. எட்டாவது கட்டத்தில் எப்போதும் இயல்பு. அடி விழுவது இரண்டாம் நாள். கூட்டிய வாரமெல்லாம் பலமான அடி. குறைத்து, களைக்கும் முன்பே நிறுத்திய வாரங்களில்தான் நான் மனிதனாக இருந்தேன்.

பிந்துவுக்குப் போன் செய்தேன். அவர் பேசியது மலையாளம். என் தமிழில் தருகிறேன்.

"இப்போ நாங்க அப்படிக் கூட்டிக்கிட்டே போறதில்ல சார். யாருக்கு மறுநாள் மோசமாகுதுன்னு முதல்லேயே பிரிச்சுப் பார்க்கணும்னுதான் சொல்லித் தர்றாங்க. மறுநாள் போன் பண்ணிக் கேட்கறோம்."

"எந்தக் கட்டத்துல எழுதறீங்க?"

"தாளை மாத்த இன்னும் ஆர்டர் வரல சார். கோட்டுக்கு மேலேயே எழுதறோம்."

செல்வராணியின் மனு நிலுவையில்தான் இருக்கிறது என்று அவர் மூலம் தெரிந்தது. விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தரப்பில் இருந்த ஒரே ஆவணம் என் தாள்.

மருத்துவப் பதிவைத் திருத்த முடியாது. ஆனால் எழுதியவரே பின்குறிப்பு இணைக்கலாம், சூப்பிரண்டின் ஒப்புதலோடு. விதி எனக்குத் தெரியும். மருத்துவமனைக்கு எழுதினேன். ஓய்வு பெற்றவர் "எழுதியவர்" என்ற வரையறைக்குள் வருவாரா என்பது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். பரிசீலனை தொடர்வதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலைத் தயாரித்தவரின் நடையை நான் வெகுவாக ரசித்தேன். பல ஆண்டுகள் நானும் அப்படி எழுதியவன்தான். மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கும் கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலம் அனுப்பினேன்: மறுநாள் நிலையை நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை, ஆகவே அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுத எனக்கு ஆதாரம் இருக்கவில்லை. பதிவுத் தபாலின் ரசீது இருக்கிறது. பதில் இல்லை.

செல்வராணியை நேரில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பிந்து எடுத்தனுப்பிய தாளின் நகலிலிருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. பஸ் நேரங்களைக் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு நாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுவரை போய், போனக்காட்டு பஸ்ஸின் படியருகே நின்றேன். மூன்று மணி நேரம், கொண்டை ஊசி வளைவுகள், திரும்ப மூன்று மணி நேரம். அந்த மலையிலிருந்து எட்டு முறை இறங்கி வந்தவரை நினைத்துக்கொண்டேன். என் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அவருடைய ஒரு வாரத்துச் சக்தி தீர்ந்திருக்கும். கண்டக்டர் "கேறுன்னோ?" என்று கேட்டார். ஏறவில்லை. ஆட்டோவில் திரும்பி வந்தேன். அதற்கே இரண்டு நாள் படுக்கை.

ஆகவே கடிதம். முதல் வரைவை அலுவலகக் கடிதம் போலப் "பார்வை" என்று தொடங்கிவிட்டேன், கிழித்தேன். இரண்டாவதில் என் நோயைப் பற்றியே நாலு பக்கம் வந்தது, அதையும் கிழித்தேன். கடைசியில் அனுப்பியது ஒரு பக்கம். நான் எழுதிய வரி தவறு, வாக்குமூலத்தின் நகல் இணைப்பில், விசாரணையில் இதைக் காட்டுங்கள். எனக்கும் இப்போது இந்தக் களைப்பு இருக்கிறது, அதனால்தான் பஸ் ஸ்டாண்டுவரை வந்தும் நேரில் வர முடியவில்லை. கூடவே அவருடைய எட்டு நாள் தேதிகளையும் என் "இயல்பு"களையும் அப்படியே எழுதிய ஒரு சிகிச்சைத் தாள். கையால் வரைந்தது. ஒன்பதாம் கட்டத்தில் கோடு இல்லை. நினைவிருந்தால் நிரப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டு, தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்தேன்.

மலையாளக் கர்க்கடக மாதத்து மழையில் அனுப்பினேன். சிங்க மாதம் போயிற்று, ஓணம் போயிற்று, கன்னி போயிற்று. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும். எதிர் வீட்டில் நிற்கும். கேட்டுவரை போக வேண்டிய இருபத்திரண்டு தப்படியை அன்றைய கணக்கில் நான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பதில் அவரிடமிருந்து வந்தது. தோட்டத்துத் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த எழுத்து. ஒன்பதாம் கட்டம் எட்டு வரியிலும் நிரம்பியிருந்தது. தேதி வாரியாக ஒரு டைரி வைத்திருந்திருக்கிறார். நாங்கள் கேட்டிருந்தால் அன்றே காட்டியிருப்பார். "எந்திரிக்கல." "தல சீவ முடியல, அம்மா சீவுனாங்க." "ரெண்டு நாளு பேசல." "பஸ்ஸுக்குக் கெளம்புனேன், முக்குல விழுந்துட்டேன்." கடைசி வரியில்: "இதுக்கப்புறம் மூணு மாசம் எந்திரிக்கல." எட்டாவது கட்டத்தில் என் "இயல்பு"களை அப்படியே விட்டிருந்தார்.

கீழே எழுதியிருந்தார்: "இதுல ஒரு நகல் எடுத்து வச்சிட்டேன் சார், ஹியரிங் அடுத்த மாசம். உங்க பேப்பரும் அதோட வைக்கிறேன். இப்போ வீட்டுக்குள்ள நடக்கிறேன், வாசல் வரைக்கும். கூட்டுறதில்ல."

அதற்கும் கீழே, தாளில் இடமில்லாததால் ஸ்கேல் வைத்து அவரே ஒன்பதாவது வரியாக ஒரு வரி வரைந்திருந்தார். முதல் கட்டத்தில் என் பெயர். நடுவிலிருந்த கட்டங்கள் காலி. ஒன்பதாம் கட்டத்தில் ஒரு கேள்வி: "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்னு எழுதியிருந்தீங்களே, மறுநாள் எப்படி இருந்தீங்க சார்?"

அதற்கான பதிலை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மருத்துவமனையின் பரிசீலனை இதை எழுதும்வரை முடியவில்லை. செல்வராணியின் கடிதம் என் கைக்கு வந்தது துலாம் மாதம் இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை.